சம்பளச் சீட்டில் தொடங்கும் முதுமை

மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000, வீட்டு வாடகைப்படி 5,000, சிறப்புப் படி 6,000 என்று மூன்று வரிகள். அதற்குக் கீழே பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் 1,080 ரூபாய். பெரும்பாலான தொழிலாளர்கள் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான்: கைக்கு எவ்வளவு வருகிறது? வாடகை, மளிகைக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த வரியை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் உழைக்க முடியாத வயதில் அவர்கள் எப்படி வாழப்போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது கடைசி வரி அல்ல, முதல் வரி.

சம்பளம் வேறு, ஓய்வுக்காலச் சேமிப்பு வேறு என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அரசும் இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி அலுவலகம் வைத்திருக்கிறது. தொழிலாளியின் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றுதான். இன்றைய கூலி எவ்வளவு குறைத்து எழுதப்படுகிறதோ, அவ்வளவு குறைந்துபோகிறது நாளைய பென்ஷன்.

கணக்கு எளிமையானது. தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 12 சதவீதம் அவர் பங்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே 12 சதவீதம் போடவேண்டும். ஆனால் முதலாளியின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது இ.பி.எஸ்.சுக்குப் போகிறது. மிச்சம் 3.67 சதவீதம்தான் தொழிலாளியின் சேமிப்பில் சேர்கிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதத்தை ஓய்வூதிய நிதியில் சேர்க்கிறது.

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் முறை இது: கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்க்கப்படும். மேலே சொன்ன தொழிலாளி 9,000 ரூபாய்க் கணக்கில் 30 ஆண்டுகள் உழைத்தால் மாதம் 4,114 ரூபாய் பென்ஷன். சிறப்புப் படியையும் சம்பளமாகவே எழுதி, 15,000 ரூபாய்க்குப் பிடித்தம் செய்திருந்தால் 6,857 ரூபாய். சேமிப்புக் கணக்கிலும் மாதம் 940 ரூபாய் குறைகிறது. 2024-25இல் தரப்பட்ட 8.25 சதவீத வட்டியே தொடரும் என்று கொண்டால், 30 ஆண்டுகளில் அந்த இழப்பு 13 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே மொத்தச் சம்பளம். மாறியது பணம் எந்த வரியில் எழுதப்பட்டது என்பது மட்டுமே.

இந்த வித்தை உச்ச நீதிமன்றம் வரை போனது. மேற்கு வங்கத்தில் ஒரு பள்ளி, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் கொடுத்த சிறப்புப் படியைப் பி.எஃப். கணக்கில் சேர்க்கவில்லை. வேறு சில நிறுவனங்களின் வழக்குகளும் அதனுடன் சேர்ந்து வந்தன. 2019 பிப்ரவரி 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எல்லோருக்கும் பொதுவாகவும் வழக்கமாகவும் கொடுக்கப்படும் படி, பெயர் எதுவாக இருந்தாலும், அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்றது நீதிமன்றம். கூடுதல் வேலைக்கோ, கூடுதல் உற்பத்திக்கோ, ஒரு சிலருக்கு மட்டுமோ தருவதைத்தான் விலக்கலாம்.

2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதை இன்னொரு வழியில் இறுக்கியிருக்கின்றன. பழைய 29 சட்டங்களை ஒன்றாக்கிய இந்தத் தொகுப்புகளின்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்குகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கொள்ளப்படும். பி.எஃப்., பணிக்கொடை, பிரசவ காலப் பலன் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான். இந்தத் தொகுப்புகளின் வேறு பல பிரிவுகளை, குறிப்பாக ஆட்குறைப்பைச் சுலபமாக்கும் விதிகளை, தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் சம்பளத்துக்கு ஒரே விளக்கம் வந்தது தொழிலாளிக்கு நன்மைதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். பிடித்தம் கூடினால் கைக்கு வருவது குறையாதா? குறையும். அதனால்தான் திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் எத்தனையோ பேர், “அண்ணே, பி.எஃப். எல்லாம் வேண்டாம், முழுசா கையில குடுத்துடுங்க” என்று கேட்கிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 12,000 ரூபாய் சம்பளத்தில் 1,440 ரூபாய் போவது என்றால் பல வீடுகளில் ஒரு மாதத்து அரிசியும் எண்ணெயும் போவது. வயிற்றுக்கே போதாத கூலியில் முதுமைக்குச் சேமி என்று சொன்னால் யாரால் முடியும்? சேமிப்புக் கொள்கை ஒழுங்காக நடக்கவேண்டுமானால் கூலிக் கொள்கை முதலில் ஒழுங்காக இருக்கவேண்டும்.

கூலி எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்கு இந்தியாவில் ஒரு தெளிவான அளவுகோல் நெடுநாளாகவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. எப்படிக் கணக்கிடுவது என்பதை 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்துத் தந்தது. ஒரு தொழிலாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ளவேண்டும். ஒவ்வொரு அலகுக்கும் நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி வேண்டும். வீட்டு வாடகையைச் சேர்க்கவேண்டும். எரிபொருள், விளக்கு முதலிய செலவுகளுக்கு 20 சதவீதம் ஒதுக்கவேண்டும். இந்தக் கலோரிக் கணக்கு டாக்டர் வாலஸ் அய்க்ராய்டின் பரிந்துரையை ஒட்டியது. நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து, இந்தியர்களின் உணவை ஆராய்ந்தவர் அவர்.

இந்த அளவுகோலில் முதுமை இல்லை. அதைச் சேர்த்தது சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு. ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனம் தன் சென்னைத் தொழிற்சாலையில் பஞ்சப்படியைக் கணக்கிடும் முறையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற முயன்றது. தொழிலாளர்கள் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991 அக்டோபரில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது. 1957இன் கணக்கோடு ஆறாவதாக ஒன்றையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, திருமணம், முதுமைக்கான ஏற்பாடு ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்கவேண்டும் என்றது.

இதன் பொருள் பெரியது. முதுமைக்கு எடுத்துவைப்பது மிச்சம் இருந்தால் செய்யவேண்டிய காரியம் அல்ல. சட்டம் உறுதி செய்யவேண்டிய அடிப்படைக் கூலிக்குள்ளேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் நான்கு தொகுப்புகளில் ஒன்றான கூலித் தொகுப்புக்காக மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளில் அந்த 25 சதவீதம் கல்வி, மருத்துவம், பொழுதுபோக்கு, எதிர்பாராச் செலவு என்று எழுதப்பட்டது. முதுமை அந்தப் பட்டியலில் இல்லை. 30 ஆண்டுகளுக்கு முன் சென்னைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றது இப்படி நழுவிப்போக விடக்கூடாது.

நடைமுறையில் தேசிய அடித்தளக் கூலி எவ்வளவு தெரியுமா? 2017இல் நாளொன்றுக்கு 176 ரூபாயாகவும் 2019இல் 178 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 26 நாள் வேலை செய்தால் 4,628 ரூபாய். அதற்குச் சட்ட பலமும் அப்போது இல்லை. புதிய கூலித் தொகுப்பு அடித்தளக் கூலிக்குச் சட்ட பலம் தருகிறது. எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது. பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த குறைந்தபட்சக் கூலி உரிமையும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் விரிந்திருக்கிறது. நல்ல மாற்றம். எந்தத் தொகையை அடித்தளமாக வைக்கிறார்கள் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

பி.எஃப். எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். 1952ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கு வந்தது: சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு. பிடித்தம் 6.25 சதவீதம், அந்நாளைய கணக்கில் ரூபாய்க்கு ஓரணா. ஊருக்கெல்லாம் பஞ்சாலை இருந்த தமிழகத்தில் முதலில் பயன்பெற்றவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். 1997இல் பிடித்தம் 12 சதவீதமானது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இன்று சட்டம் பொருந்துகிறது.

விகிதம் ஏறியது, உச்சவரம்பு நின்றுவிட்டது. எவ்வளவு சம்பளம் வரை கட்டாயம் பிடிக்கவேண்டும் என்ற வரம்பு 1952இல் 300 ரூபாய். 2001இல் 6,500. 2014 செப்டம்பரில் 15,000. அதற்குப் பிறகு 2025 முடியும் வரை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. இதற்கிடையில் டெல்லியில் 2025 ஏப்ரல் முதல் திறன் தேவைப்படாத வேலைக்கான குறைந்தபட்சக் கூலியே மாதம் 18,456 ரூபாய். ஆக, அந்த நகரில் சட்டப்படி மிகக் குறைந்த கூலி வாங்குபவரே பி.எஃப். கட்டாய வரம்புக்கு மேலே போய்விடுகிறார். 2014 செப்டம்பருக்குப் பின் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதன்முறையாகச் சேருபவருக்கு இ.பி.எஸ். ஓய்வூதியம் கிடையாது என்பதும் விதி. ஏழைத் தொழிலாளியைக் காக்க வைத்த வரம்பு இப்போது அவரையே வெளியே நிறுத்துகிறது.

முதியவர்களின் நிலை இன்னும் வேதனை. 2010இல் ஓய்வுபெற்ற ஓர் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அன்றைய வரம்பு 6,500. இ.பி.எஸ். தொடங்கிய 1995இலிருந்து 15 ஆண்டுப் பணி. கணக்குப்படி 1,393 ரூபாய். அதற்கு முந்தைய குடும்ப ஓய்வூதியத் திட்டக் காலத்துக்காக ஒரு சிறு தொகை சேரும். அவ்வளவுதான். இ.பி.எஸ்.சில் அகவிலைப்படி கிடையாது. அவர் ஓய்வுபெற்ற பிறகு பருப்பு, பால், மாத்திரை எல்லாமே விலையேறிவிட்டன. பென்ஷன் மட்டும் அன்று கணக்கிட்ட அதே தொகை.

குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 3,000 ரூபாயாக வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. ஓய்வூதியர் அமைப்புகள் இப்போது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்டு டெல்லி வரை போய்ப் போராடுகின்றன. கேட்பவர்கள் யாரும் இலவசம் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் தங்கள் உழைப்பின் பேரில் நிதியில் பணம் சேர்ந்த பிறகு கேட்கிறார்கள்.

வரம்பும் கூலியும் ஒருபுறம் இருக்க, சேமிப்பு கசிகிற இடங்களும் இருக்கின்றன. அதிகம் இழப்பவர்கள் பெண்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ பலருக்கும் நினைவிருக்கும். பரிசுபோல் காட்டப்பட்ட அந்தத் தொகை, மாதாமாதம் கொடுக்காமல் நிறுத்திவைக்கப்பட்ட அவர்களுடைய கூலிதான். இடையில் உடல்நலம் கெட்டு ஊருக்குத் திரும்பிய பெண்கள் அதையும் இழந்தார்கள்.

பி.எஃப். பிடிக்கப்படும் பெண்களுக்கும் வேறொரு ஆபத்து உண்டு. கல்யாணம், பிரசவம் என்று வேலையை விடும்போது செட்டில்மென்ட் வாங்கச் சொல்லிப் படிவம் நீட்டப்படுகிறது. அதில் பத்து-சி படிவம் ஓய்வூதியப் பணத்தை எடுப்பதற்கானது. எடுத்துவிட்டால் அதுவரையிலான பணிக்காலம் அழிந்துபோகும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வதால், ஒன்பதரை ஆண்டே போதும். ஒரு கம்பெனியில் நான்கு ஆண்டு, குழந்தைக்குப் பிறகு இன்னொன்றில் ஆறு ஆண்டு வேலை செய்த பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் பென்ஷன் கிடைக்கும், முதல் நான்கு ஆண்டுப் பணத்தை எடுக்காமல் இருந்தால். பணத்தை எடுக்காமல், திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் இன்னொரு பெரிய கூட்டம். ஒப்பந்ததாரர் சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பார், அலுவலகத்துக்குக் கட்டமாட்டார். ஆண்டு முடிந்ததும் வேறு ஒப்பந்ததாரர் வருவார். ஆனால் சட்டப்படி, ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே பொறுப்பு. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் ஏமாற்று தொடர்வதற்குக் காரணம், பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று தொழிலாளி பார்க்காததும், அலுவலகம் தானாக வந்து பார்க்காததும்தான்.

பி.எஃப். வட்டத்துக்கு வெளியேதான் நாட்டின் பெரும்பான்மை உழைப்பாளிகள். தமிழகம் இதை முன்கூட்டியே உணர்ந்த மாநிலம். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982இல் தனிச் சட்டம் இயற்றி, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத நலவரி வசூலிக்க வழிசெய்த மத்திய சட்டம் 1996இல்தான் வந்தது. இப்போது உணவும் பொருளும் கொண்டுவந்து தரும் செயலி நிறுவனங்களின் தொழிலாளர்களைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு முதன்முறையாக அங்கீகரித்திருக்கிறது. அந்த நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை ஒரு நிதிக்குத் தரவேண்டும். ஆனால் ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு பென்ஷன் என்று அந்தத் தொகுப்பு எங்கும் உறுதி சொல்லவில்லை. நிதி திரட்டுவது பாதி வேலைதான்.

இனி ஒவ்வொருவரும் செய்துகொள்ள வேண்டியவை. யு.ஏ.என். என்னும் உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கொண்டு உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒரு மாதப் பிடித்தம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகும் ஏறாமல் இருந்தால் கேளுங்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு தனிக் கட்டத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கின்றனவா, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். கணவன் இறந்த பிறகு பென்ஷனுக்கு அலையும் பெண்கள் பலர் திண்டாடுவது இந்தச் சிறு பிழைகளால்தான். வாரிசு நியமனத்தை இணையத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். வேலை மாறினால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள், எடுக்காதீர்கள். மாதந்தோறும் 27ஆம் தேதியை ஒட்டி பி.எஃப். அலுவலகம் மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறது. சம்பளச் சீட்டையும் பாஸ்புக் பிரதியையும் எடுத்துக்கொண்டு அங்கே போகலாம்.

அரசு செய்யவேண்டியது இதைவிடப் பெரியது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. அது நியாயம். அதே குறியீட்டை வைத்து பி.எஃப். உச்சவரம்பையும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தையும் ஆண்டுதோறும் உயர்த்தினால், ஆண்டுக்கணக்கில் கோரிக்கை மனு கொடுத்துக் காத்திருக்கும் நிலை தொழிலாளிக்கு வராது. கூலி நிர்ணய விதிகளில் முதுமைக்கான பங்கை வெளிப்படையாக எழுதவேண்டும். பிடித்தம் செய்து கட்டாத நிறுவனங்களைத் தொழிலாளி புகார் கொடுக்கும்முன் அலுவலகமே கண்டுபிடிக்கவேண்டும். மாதக் கணக்கு முழுவதும் இன்று கணினியில்தான் இருக்கிறது. 2014இல் உச்சவரம்பை 15,000 ஆக்கியதும், குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,000 ஆக்கியதும் அரசிதழ் அறிவிக்கைகள்தான். இன்று உயர்த்தவும் நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. அரசு மனம் வைத்தால் இன்னோர் அறிவிக்கை போதும்.